குசினி யன்னல்

பைப் உறைந்துபோய்விட்டது, என்ன செய்கிறது என்று போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஆள் பாய்ந்து விழுந்து பதில் போட்டீர்கள். முதலில் மெயின் தண்ணீரைப் பூட்டு. பைப் வாயைத் திறந்து வை. சிங்குக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவைத் திறந்து விடு. தலைமயிர் காயவைக்கிற மெசினை எடுத்து, பைப் வாய்ப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்லப் பிடி. நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதே, கொதிதண்ணீர் ஊற்றாதே. துரொண்ட்ஹெய்மில் இருக்கிறவர் தன் நிலக்கீழ் அறையைப் படமெடுத்தே போட்டிருந்தார். நாங்கள் எல்லோரும் ஐம்பதைத் தொட்டவர்கள், தொட்டுத் தாண்டியவர்கள். முழங்கால் நோவு, பிள்ளைகளின் கலியாணம், இப்போது பைப். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. "என்ன, உமக்கு வாய் அடைச்சுப் போச்சோ?" என்று உங்களில் ஒருவர் தனியாகக் கேட்டார். என்னுடையது லேசில் அடைக்கிற வாய் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அடைத்துத்தான் போனது. ஏனென்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னை முதன்முதலில் கண்டது ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில். லிஃப்ற் பழுதானால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவீர்கள், அம்மா ரோல்ஸ் பொரித்துத் தருவாள். நாங்கள் எப்போதுமே அங்கேதான் இருந்தோம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அதற்கு முன்னால் ஒரு மாரிகாலம் ஒரு மரவீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அப்பா அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட ஏறமாட்டார்.

நோர்வேக்கு வந்தவுடன் நாங்கள் இருந்தது திராமனில், பெரியப்பா வீட்டு ஹோலில். அவர் அப்பாவின் அண்ணன், குடும்பத்தில் முதலில் வந்து சேர்ந்தவர். ஹோலின் நடுவே ஒரு சீலையைக் கட்டித் தடுத்து, அந்தப் பக்கம் டிவி, இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நான். இருமினால் மற்றப் பக்கம் கேட்கும். அம்மா அந்தக் காலம் முழுவதும் குசுகுசுத்தே கதைத்தாள். எனக்கு ஏசுவதைக்கூடக் குசுகுசுத்தே ஏசினாள். பெரியப்பா ஒரு குறையும் சொன்னவர் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனாலும் இன்னொருவர் வீட்டுக் கறியில் உப்புக் கூடினாலும் சொல்ல முடியாது, குறைந்தாலும் சொல்ல முடியாது. உங்களில் சீலைக்குப் பின்னால் படுத்து எழும்பியவர்களுக்கு இது விளங்கும்.

பிறகு அப்பாவுக்கு ஒஸ்லோவில் துப்புரவு வேலை கிடைத்தது. கூட வேலை செய்த ஒருவர் மூலமாக அந்த வீடு வாய்த்தது. நகரின் கிழக்கே, ரயில் பாதைக்கு மேலே உள்ள சரிவில், மஞ்சள் பூசிய பழைய வீடு. மேலே வீட்டுக்காரக் கிழவர் தனியாக இருந்தார். பாதி மண்ணுக்குள் புதைந்திருந்த கீழ்த்தளம் எங்களுக்கு. ஓர் அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. குசினிக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சிய அறை இருந்தது. அது கிழவருடையது, எப்போதும் பூட்டியிருக்கும். குசினியில் ஒரு சின்ன யன்னல். அதற்குள்ளால் பார்த்தால் நிலமட்டத்தில் புல்லும் போகிற வருகிறவர்களின் சப்பாத்தும் தெரியும்.

அங்கே குடிவந்த அன்று அம்மா வாசல் கதவைப் பூட்டினாள். திறந்தாள். திரும்பவும் பூட்டினாள். "எடி பிள்ளை, இது எங்கட கதவு!" என்று உரத்துச் சொன்னாள். அவளுடைய உண்மையான குரல் எவ்வளவு பெரியது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அந்தக் கதவைப் பறிகொடுக்கக் கூடாது, திரும்பவும் சீலைக்குப் பின்னால் போய்ப் படுக்கக் கூடாது. அந்த மாரி முழுவதும் அம்மாவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

கிழவர் நல்ல உயரம், கொஞ்சம் கூனல். தலையில் மருந்துக்கும் மயிர் இல்லை. தடித்த கம்பளிக் காலுறையோடு நடப்பதால் மேலே காலடிச் சத்தம் கேட்காது, பலகை முனகுவது மட்டும் கேட்கும். மனைவி செத்து அதிக காலம் ஆகவில்லை என்று அப்பாவோடு வேலை செய்தவர் சொல்லியிருந்தார். காலையில் அவருடைய கோப்பி மணம் படிவழியே எங்களிடம் இறங்கி வரும். அம்மாவுக்கு அந்த மணம் பிடிக்கும். எங்கள் மணம் மேலே ஏறிப் போவதைப் பற்றி அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் பனி விழுந்த கிழமை அவர் கீழே வந்து எங்களுக்குக் குசினியைக் காட்டித் தந்தார். எனக்குப் பத்து வயது, வீட்டில் மொழிபெயர்ப்பாளர் நான்தான். சிங்குக்குக் கீழே இருந்த கதவுகளைத் திறந்து, வெளிச்சுவரோடு ஒட்டி ஓடிய செப்புக் குழாயை விரலால் தட்டினார். தன் தகப்பன் அதைப் பிழையான சுவரில் வைத்துவிட்டார் என்றார். கடுங்குளிர் வந்தால் இந்தக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும், சுவர் ஹீற்றரை நிறுத்தக் கூடாது, பைப்பில் தண்ணீர் நூல் போல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். யன்னலை மறந்தும் திறந்து வைக்கக் கூடாது, அது காகங்களுக்கு அடுப்பு மூட்டுகிற வேலை என்றார். வெளியைச் சூடாக்கி வீணாக்குவதற்கு இந்த ஊர்க்காரர் சொல்கிற பழமொழி அது. நான் அப்படியே தமிழில் சொன்னேன். "காகத்துக்குச் சோறு வைக்கிறது தெரியும். அடுப்பும் மூட்டுறவையே?" என்று அம்மா சிரித்தாள். கிழவரும் சேர்ந்து சிரித்தார், என்னத்துக்கென்று தெரியாமலே.

அம்மா சொன்னதைக் கேளாத ஆள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் சும்மா ஓடுகிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று நம்புகிறவள் அவள். பைப் சொட்டினால் நித்திரையால் எழும்பிப் போய்ப் பூட்டுகிறவள். அப்படியிருந்தும் கிழவர் சொன்னபடி நூல் போலத் தண்ணீரை ஓடவிட்டாள். மனம் கேளாமல் கீழே ஒரு செம்மஞ்சள் வாளியை வைத்து, நிறைந்த தண்ணீரில் தரை துடைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், ஏற்கெனவே கழுவின சட்டிகளை இன்னொருமுறை கழுவினாள். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்துக்கு நான் பழகிப்போனேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த கருவாடு, ஆசை ஆசையாக வைத்திருந்து எடுத்தது. கொதிக்கிற நேரம் கதவில் மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. கிழவர். வாசலில் நின்று மூக்கை உயர்த்தி ஒரு மூச்சு இழுத்தார். "இன்றைக்கு என்ன சமையல்?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்க முதல் அப்பா துள்ளி எழும்பி, தனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்றார். கிழவர் சற்று நேரம் நின்றார். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஏதோ முனகிவிட்டு மேலே போய்விட்டார்.

"முடிஞ்சுது அலுவல்," என்றார் பெரியப்பா.

"ஏன் அண்ணை? என்ன சமையல் எண்டுதானே கேட்டவர்?"

"டேய், உவங்களை எனக்குத் தெரியும். உவங்கள் நேர சொல்லமாட்டாங்கள். வடக்கில மீன் ஃபக்டரியில வேலை செய்யேக்க எனக்கு அறை தந்த மனிசியும் உப்பிடித்தான். சிரிச்சுச் சிரிச்சு என்ன சமையல், என்ன சமையல் எண்டு கேட்டவ. பிறகு ஒருநாள் அறை தேவைப்படுது எண்டு சொல்லிப்போட்டா. பெட்டியோட ஸ்னோவுக்க நிண்டனான்."

அம்மா அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்தாள். "அப்ப என்ன செய்யிறது அத்தான்? எங்களை எழும்பச் சொல்லுவினமோ?"

"மணம் மேல போகப்படாது, அவ்வளவுதான். சமைக்கேக்க குசினிக் கதவைச் சாத்திப்போட்டு யன்னலைத் திறந்து விடுங்கோ. கதவுக்குக் கீழ ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"யன்னல் திறக்கக் கூடாதெண்டு அவர் சொன்னவர்," என்றேன் நான்.

"நீ சும்மா இரு பிள்ளை. பெரியாக்கள் கதைக்கினம்," என்றார் அப்பா.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பெரியப்பா பொய் சொல்லவில்லை, அவர் பெட்டியோடு பனிக்குள் நின்றது உண்மை. ஆனால் நான் இப்போது யோசிக்கிறேன். மனைவியைப் பறிகொடுத்த ஒரு தனிக்கட்டை, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரம் பார்த்துப் படியிறங்கி வந்து, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிறது. நம்முடைய ஆள் ஒருவர் அப்படி வந்து நின்றால் என்ன செய்வோம்? ஒன்றும் கேட்காமல் இன்னொரு கோப்பையைக் கழுவி வைப்போம். மூன்று பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லையே.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் களவு வேலையாகிவிட்டது. அம்மா ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். யன்னல் திறந்திருக்கும், கதவு சாத்தியிருக்கும், ஹீற்றரையும் நிறுத்திவிடுவாள். காகத்துக்கு அடுப்பு மூட்டக் கூடாதே! சிங்குக்குக் கீழேதான் கருவாடும் கறித்தூளும் இருந்தன, அதனால் அந்தக் கதவுகளையும் இறுக்கிச் சாத்தினாள். தாளிக்கிறபோது வெளியே சப்பாத்துகள் போனால் சட்டியை மூடியால் பொத்துவாள். பள்ளிக்கூடம் போக முதல் என் தலையை மோந்து பார்ப்பாள். ஜாக்கெற்றை மோந்து பார்ப்பாள். பிறகு தன் கையையும் மோந்து பார்ப்பாள். "மணக்குதே பிள்ளை? உண்மையைச் சொல்லு," என்று கேட்பாள். ஒன்றுமில்லை அம்மா என்பேன். அவள் நம்பமாட்டாள். திரும்பவும் குரல் தணிந்து போய், திராமனில் கதைத்த மாதிரியே கதைக்கத் தொடங்கினாள்.

தை மாதக் குளிர் எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வருஷம் மூக்கு மயிர் உறைகிற குளிர். நனைந்த கையுறை வாசலுக்கு வர முதல் விறைத்துப் பலகையாகிவிடும். அந்தக் கிழமையில்தான் அம்மாவிடம் ஊர்த்தூள் முடிந்துபோனது. இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்கலாம். அப்போது எங்கே? செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வந்து தானே வறுக்கத் தொடங்கினாள். மிளகாய் வறுத்தால் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் அறைக்குள் இருந்தே இருமினேன். அம்மா கண்ணீர் வழிய, வாயைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, யன்னலை அகலத் திறந்துவைத்து வறுத்தாள். மேலே பலகை முனகியது. கிழவரும் இருமினார்.

"ஐயோ, மணம் மேல போயிட்டுது," என்று அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு நெஞ்சில் கைவைத்தாள். காறல் போகட்டும் என்று அன்றைக்கு யன்னலைப் பூட்டவேயில்லை. ஹீற்றரும் நிறுத்தினபடி, கதவும் சாத்தினபடி, துவாயும் சுருட்டினபடி. அப்பா வேலையால் வந்து, மணம் இன்னும் நிற்கிறது, விடியுமட்டும் திறந்து கிடக்கட்டும் என்றார்.

விடிய எழும்பிப் போனால் பைப்பில் நூல் இல்லை. வாளிக்குள் தண்ணீர் கட்டியாகி, வாளியின் விளிம்பு வெடித்திருந்தது. யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கப் பூப் பூவாகப் பனி. அப்பா பைப்பைத் திருகினார். அது ஒருமுறை விக்கியது, அவ்வளவுதான். அம்மா பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

"மேல போய்ச் சொல்லுவம் அப்பா," என்றேன். படி ஏறினால் அவர் வீட்டுக் கதவு. அவ்வளவுதான் தூரம்.

அப்பா படியைப் பார்த்தார், பிறகு ஃபோனை எடுத்துப் பெரியப்பாவுக்கு அடித்தார். திராமனிலிருந்து பெரியப்பா ரயில் பிடித்து வரும்வரை அம்மா வெளியே போய்ப் பனியை அள்ளி வந்து சட்டியில் உருக்கினாள். சட்டி நிறையப் பனி, உருகினால் ஒரு கிண்ணத் தண்ணீர். அதில் முகம் கழுவி, அதில் தேநீர் வைத்தோம். தேத்தண்ணியில் புகைமணம் அடித்தது. அம்மா குடிக்கவில்லை.

பெரியப்பா வந்ததும் வராததுமாக, "யன்னலைத் திறந்து வைச்சது ஆர்?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். நான் திகைத்துப் போனேன். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

"மேல தெரிஞ்சால் இண்டைக்கே சாமானைத் தூக்கி வெளிய வைப்பான். அவன் கோப்பி குடிச்சு முடிக்க முதல் நாங்கள் முடிக்கவேணும்," என்று பெரியப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற திட்டம் அப்படித்தான் ஆரம்பமானது. உருக்கிய பனித்தண்ணீரைக் கேத்திலில் கொதிக்கவைப்பது, குழாயில் துவாய் சுற்றி அதன்மேல் ஊற்றுவது, திரும்பவும் பனி அள்ளுவது. அந்தப் பதற்றத்தில் யன்னலைப் பூட்டவோ ஹீற்றரைப் போடவோ ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பாதி வேலையில் கதவு தட்டப்பட்டது. எல்லோரும் சிலையாகிவிட்டார்கள். அப்பா குசினிக் கதவைச் சாத்திவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போய் வாசல் கதவை ஒரு சாண் திறந்தார். கிழவர் நின்றார். ஒரு கையில் தலைமயிர் காயவைக்கிற மெசின், வெளிர் ரோஸ் நிறம், வயர் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தண்ணீர் வருகிறதா?" என்று கேட்டார்.

"யா, யா. ஆல்ட் பிரா," என்றார் அப்பா. எல்லாம் நல்லம்.

கிழவர் என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். பிறகு கதவு சாத்தப்பட்டது. தலையில் ஒரு மயிர் இல்லாதவர் இதை ஏன் காவிக்கொண்டு திரிகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் குசினிக்குள் போய்ச் சொல்ல, பெரியப்பாவும் சிரித்தார். அது செத்துப்போன மனைவியுடையது என்பதும், எங்கள் குழாய்க்காகத்தான் அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார் என்பதும் எனக்கு விளங்க எத்தனையோ வருஷம் சென்றது. விளங்கிய அன்றைக்கு நான் என் வீட்டுக் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பைப் கடைசியில் இருமியது, துப்பியது, நூலாக ஓடியது, பிறகு ஓடியே ஓடியது. "பார்த்தியே! உதுக்கொரு பிளம்பரோ?" என்று பெரியப்பா அப்பாவின் முதுகில் தட்டினார். அம்மா கைகளைக் கூப்பினாள். எல்லோரும் அறைக்குள் வந்து உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அந்த நேரம் சுவருக்கு மறுபக்கம், பூட்டியிருந்த களஞ்சிய அறைக்குள், குசினிக்கு வருகிற அதே குழாய் வெடித்து, தண்ணீர் சீறி அடித்துக்கொண்டிருந்தது. கொதிதண்ணீரால் வெடித்ததா, இரவே உறைந்து வெடித்திருந்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. உறைந்திருக்கும்வரை ஐஸ்தான் அடைப்பு. உருகினால்தான் வெடிப்பு தெரியும். மெயினைப் பூட்டிவிட்டு உருக்கியிருந்தால் ஒன்றும் நடந்திராது. மெயின் எங்கே இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும், அவரிடம்தான் எல்லாம் நல்லம் என்று சொல்லிவிட்டோமே.

களஞ்சிய அறைக் கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்து என் காலுறை நனைந்தபோதுதான் கண்டோம். அம்மா போட்ட சத்தத்துக்குக் கிழவர் தானாகவே ஓடி வந்தார். கதவைத் திறந்து, அந்தக் குளிர்தண்ணீருக்குள் கம்பளிக் காலுறையோடே நடந்து போய் ஒரு திருகைப் பூட்டினார். பிறகு எங்கள் குசினிக்குள் வந்தார். திறந்த யன்னலைப் பார்த்தார். நிறுத்தியிருந்த ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தார். கதவடியில் கிடந்த துவாயைக் குனிந்து எடுத்தார்.

"ஏன் யன்னல் திறந்திருக்கிறது?" என்று என்னை மட்டும் கேட்டார்.

"எங்கள் மணம் உங்களுக்கு வரக் கூடாதென்று," என்றேன்.

கிழவர் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னது என்னவென்று அப்பாவும் கேட்கவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை. அவர்களுக்கு அவருடைய முகம் போதுமாக இருந்தது.

களஞ்சிய அறைத் தரையில் கடதாசிப் பெட்டிகள் இருந்தன. உள்ளே முழுக்கப் படங்கள், அவருடைய மனைவியின் படங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப் பாளம் பாளமாகிவிட்டன. அப்பாவும் பெரியப்பாவும் வெளியே நின்று என்ன சொல்வது என்று ஆலோசித்தார்கள். அம்மா மட்டும் ஒருவரையும் கேட்காமல், ஒரு தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, பாளங்களை அதற்குள் வைத்து, நகம் படாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எங்கள் உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். கிழவரும் வந்து பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. கடலோரத்தில் தொப்பியோடு ஒருத்தி, சைக்கிளோடு ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒருத்தி. சில படங்களில் முகம் கரைந்து போயிருந்தது. அப்படி ஒன்று வந்தால் அம்மாவின் கை நின்றுவிடும். அப்போது அவர் அவளுடைய தோளில் ஒருமுறை தட்டிவிட்டு, அதையும் வாங்கித் தொங்கவிடுவார்.

சுவரை உடைத்துத் திருத்த வேண்டும், அதுவரை தண்ணீர் இல்லை, சில கிழமைகள் எங்காவது இருந்துவிட்டு வேலை முடிந்ததும் வாருங்கள் என்று கிழவர் சொன்னார். நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

"வாருங்கோ எண்டு சொல்லாமல் வேற என்ன சொல்லுவான்? மரியாதைக்குச் சொல்லுறான்," என்றார் பெரியப்பா. "அந்த வடக்கு மனிசியும் என்னட்ட அறை தேவைப்படுது எண்டுதானே சொன்னவ."

அப்பா தலையாட்டினார். "அந்தாள் ஒரு வார்த்தை ஏசேல்லை, அண்ணை. ஏசினால் மனசு ஆறும். ஏசாமல் இருக்கிறவனிட்ட எப்பிடித் திரும்பிப் போறது?"

நம்முடைய கணக்கு அதுதானே. கத்துகிறவன் நாளைக்கு மறந்துவிடுவான், கத்தாதவன் மனதில் வைத்திருக்கிறான் என்பது. இந்த நாட்டில் ஒரு மனிதன் கத்தாமல் இருப்பதற்கு, அவனுக்குக் கோபம் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் படவில்லை.

திரும்பவும் திராமன். திரும்பவும் அதே ஹோல், அதே சீலை. அம்மாவை ஒருவரும் ஏசவில்லை, ஆனால் வருகிற போகிற எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. "யன்னலைத் திறந்து வைச்ச மனிசி" என்று ஒரு பெயரே வந்துவிட்டது. மைனஸ் குளிரில் யன்னல் திறந்தாவாம் என்று சொல்லிச் சிரிப்பார்கள், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். யார் திறக்கச் சொன்னது என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். சாகும்வரைக்கும் சொல்லவில்லை. இப்போது அவள் இல்லை, பெரியப்பாவும் இல்லை. நான் சொல்கிறேன், நீங்கள் கேட்டு வையுங்கள்.

அப்பா தெரிந்தவர்களைப் பிடித்து ஹவுகன்ஸ்டுவாவில் வீடு எடுத்தார். கிழவரைக் கேட்கவில்லை, போகிறோம் என்று மட்டும் அறிவித்தார். பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு நாள் சாமான் எடுக்க வானோடு போனோம். அப்பா முகம் கொடுக்காமல் கட்டில், மெத்தை, சட்டிப் பெட்டி என்று ஏற்றினார். எல்லாம் ஏற்றி முடிகிற நேரம் கிழவர் இறங்கி வந்தார். வானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அன்றைக்கும் அவர் சத்தம் போடவில்லை. அம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

குசினியில் புதுப் பெயின்ற் மணந்தது. வெளிச்சுவரில் குழாய் இல்லை. சிங்கையே கழற்றி உள்பக்கச் சுவருக்கு மாற்றி, குழாயை அந்தச் சுவரோடு கொண்டுவந்திருந்தார்கள். பளபளவென்று புதுச் செப்பு. யன்னலுக்கும் புதுக் கொளுக்கி போட்டிருந்தது. கிழவர் அதைத் தள்ளித் திறந்து காட்டினார். பூட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் அம்மாவுக்குச் சொல்லு. இனி அவ விரும்பினபடி யன்னலைத் திறக்கலாம், குழாய்க்கு ஒன்றும் ஆகாது. பூட்டி வைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். மேலே கோப்பி மணத்தைத் தவிர வேறு மணம் இல்லை."

நான் சொன்னேன். அம்மா அந்தக் குழாயில் கையை வைத்தபடி நின்றாள். என்னிடம் ஏதாவது சொல்லச் சொல்வாள் என்று காத்திருந்தேன். கிழவரின் கையைப் பிடித்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றினாள். அவர் திகைத்துப்போய்க் கையை அப்படியே விட்டுக்கொண்டு நின்றார்.

அப்பா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வாசல் கதவின் திறப்பைக் கிழவரிடம் கொடுத்தார், நன்றி என்றார், குனிந்தபடி வெளியே போனார். வானுக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்திய பிறகுதான் வெடித்தார்.

"உதை முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இந்த மனிசன்!"

அம்மா கிழவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குசுகுசுக்கவில்லை. அந்தக் கதவை முதன்முதலில் பூட்டின அன்றைக்கு வந்த அதே குரலில் சொன்னாள்.

"நாங்கள் ஒருக்காவது கேட்டனாங்களே?"